கயோட்டிக்கு ஏற்ற தோட்டா

அன்று காலை கடையில் இருந்தவர்கள்: கடைக்காரி ஆர்லீன், என் தங்கை மாவிஸின் புருஷன் டுவெய்ன், ஆர்லீனின் கிழட்டு நாய், நான். பிப்ரவரி மாதம். வயோமிங்கில் தோட்டா வாங்க யாரும் காரணம் கேட்பதில்லை. எந்தத் தோட்டா என்று மட்டும் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள்.

நான் .30-06 கேட்டேன். உடையாத, கனமான குண்டு.

“எதுக்குப்பா, எல்க் மானுக்கா?” என்றாள் ஆர்லீன்.

“கயோட்டிக்கு.”

டுவெய்ன் சிரித்தான். “ஆர்லீனக்கா, பீரங்கி ஏதாச்சும் ஸ்டாக் இருக்கா? மச்சான் நரி புடிக்கப் போறாரு.”

“நாய் அளவுகூட இல்லாத மிருகம், ஹாலிஸ். .22-250 எடுத்துக்க. சின்னக் குண்டு, உள்ளயே நொறுங்கி நின்னுடும். இது தொளைச்சிட்டு அந்தப் பக்கம் போயிட்டே இருக்கும்” என்றாள் ஆர்லீன்.

“காத்து பலமா அடிக்குது. கனமான குண்டுதான் நேரா போகும்” என்றேன்.

அவள் சொன்னது சரி. பன்னிரண்டு வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த விஷயம். பின்னால் ஆடு நின்றாலும் ஆபத்து வரக்கூடாது என்பதால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சின்னக் குண்டுதான் வாங்குவார்கள்.

முந்தின வருஷம் கயோட்டிகள் எங்கள் மந்தையில் நாற்பத்தொரு ஆட்டுக்குட்டிகளைத் தின்றன. நான் குளிரில் காவல் கிடந்தேன். டுவெய்ன், “விடு மச்சான், அதுங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான்” என்பான். ஒரு ஞாயிறு, உருளைக்கிழங்குத் தட்டை என் பக்கம் தள்ளிக்கொண்டே, “மந்தையை வித்துடலாம்னு இருக்கோம்” என்றான். உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில். காகிதத்தில் மந்தை மாவிஸுடையது. முப்பது வருஷம் பனியில் மண்டியிட்டு அந்த ஆடுகளுக்குப் பிரசவம் பார்த்தவன் நான்.

கயோட்டி வேட்டைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் புதருக்குள் உட்கார்ந்து அடிபட்ட முயல்போல ஊதலில் கத்துவான். இன்னொருவன் தள்ளி உட்கார்ந்து சுடுவான். கயோட்டி இருவருக்கும் நடுவில் வந்துவிட்டால் சுடக்கூடாது. எங்களுக்குள் இருப்பது அந்த ஒரே விதி.

அன்று புதருக்குள் டுவெய்ன். நன்றாக ஊதுவான். அதை மறுக்கமாட்டேன். முதல் கயோட்டி இடப்பக்கம், திறந்த வெளியில் வந்தது. சுடாமல் விட்டேன். இரண்டாவதும் அங்கேயே வந்தது. விட்டேன். “தூங்கிட்டியா மச்சான்?” என்று கத்தினான். மூன்றாவது நடுவில் வந்து நின்றது. அதன் முதுகுக்கு மேலே, சேஜ் புதருக்குள், அவன் சிவப்புத் தொப்பி தெரிந்தது.

நான் கயோட்டியின் நெஞ்சைத்தான் குறிவைத்தேன். இன்றைக்கும் சத்தியம் செய்வேன். கயோட்டி விழுந்தது. ஊதல் நின்றது.

விபத்து என்றார்கள். விசாரணை இருபது நிமிஷம். அடக்கத்தன்று மாவிஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “உன் மேல தப்பில்லண்ணா. தோட்டா பாத்து வாங்க உனக்கு எப்பவுமே தெரியாது, அவ்வளவுதான்.” மே மாதம் ஆடுகளை விற்றுவிட்டாள். ஆர்லீன் ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும், “ஹாலிஸ் மாதிரி பண்ணிடாதீங்க” என்கிறாள். நேற்று, மீசைகூட முளைக்காத ஒருவன் பெட்ரோல் பங்க்கில் நின்று குண்டுகளின் எடை பற்றி எனக்குப் பாடம் எடுத்தான். நான் தலையாட்டினேன். எவ்வளவு நாள்தான் தலையாட்டுவது?

அதனால் இன்று மத்தியானம் நானாகவே துணை ஷெரீஃப் ரென்ஃப்ரோவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விட்ட இரண்டு கயோட்டிகளையும் சேர்த்து.

அவர் பேனாவை வைத்தார். “ஹாலிஸ், நீ என்ன சொல்றேன்னு உனக்குப் புரியுதா? டுவெய்னைக் கொல்லணும்னே வாங்கினியா?”

“வேற எதுக்கு? கயோட்டிக்கு .22-250 போதும். அது எனக்குத் தெரியாதா? அவனுக்கு இதுதான் சரி. அந்தக் கடைல இதவிடப் பொருத்தமான தோட்டா கெடையாது. அப்படியே எழுதுங்க.”

அவர் எழுதினார். பிறகு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். தோட்டாவின் எண்ணைச் சரியாக எழுதியிருக்கிறாரா, ஒருமுறை வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் லாக்கப் கதவைச் சாத்திப் பூட்டினார்.