பின்கட்டு அறையின் கதவு

மூடி இல்லாத டப்பாவை யாரும் அவசரப்பட்டுத் தூக்கிப் போடக் கூடாது, ஐயா. மூடி எங்காவது இருக்கும்.

என்னைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வேலையைத் தொடங்குவது, வரிசைப்படுத்துவது, முடிப்பது ஆகிய மூன்றும் என் மூளைக்குக் கைவராது என்று மருத்துவரே சொல்லியிருக்கிறார். உடைந்த குடையைக் குப்பையில் போடக் கிளம்புவேன். வழியில் ஒரு ஒயர் கண்ணில் படும், அதன் பிளக்கைத் தேடுவேன். சாயங்காலம் பார்த்தால் குடை குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும்.

என் தங்கை அப்படியில்லை. மருந்துக் கிடங்கில் பொறுப்பாளர். எந்தப் பெட்டி எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். வீட்டை ஒழித்துத் தருகிறேன் என்று அவளாகத்தான் வந்தாள், நான் கூப்பிடவில்லை.

பின்கட்டு அறையில் ஆரம்பித்தாள். அவள் உள்ளிருந்து எடுத்துத் தர வேண்டும், நான் வாசலில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

"அண்ணா, இது வேணுமா, வேணாமா?"

"அப்புறம் பாத்துக்கலாம்மா."

"அப்புறம்னு ஒண்ணு கிடையாது. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

சொல்ல முடிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? வாங்கியதையெல்லாம் அங்கேயே, நடையில், கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மதியம் அறை காலியானது. அவள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தரையைக் கழுவினாள். அதற்குள் நடையில் குவியல் சரிந்துவிட்டது. அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது.

"அண்ணா, கதவு திறக்க மாட்டேங்குது."

"ஒரு நிமிஷம்மா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் கஷ்டப்பட்டாள் என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். அறையோடு குளியலறை இருக்கிறது. ஜன்னல் கம்பி வழியாக வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தேன். அந்த ஜன்னல் கொல்லைப்புறம் பார்த்தது, அங்கேயும் என் சாமான்கள்தான், அதனால் அவள் போட்ட கூச்சல் தெருவுக்கு எட்டவில்லை. அவளுடைய போன் குவியலுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. சார்ஜ் தீர்ந்ததும் அந்தத் தொந்தரவும் நின்றது. யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டிலேயே சுத்தமான அறையில் அவள்தான் இருந்தாள்.

கத்தி ஓய்ந்தபின் எனக்குப் பாடம் எடுத்தாள். "மேல இருக்கிற பெட்டிய மட்டும் எடுண்ணா. ஒண்ணே ஒண்ணு. மத்தத யோசிக்காத." எடுத்தேன். உள்ளே பழைய ரிமோட்டுகள். எது எந்த டிவிக்கு என்று பார்க்காமல் எப்படி நகர்த்துவது? அன்றைய பொழுது போயிற்று. இப்படியே வாரங்களும் போயின. கிடங்குச் சாவி அவளிடம் இருந்ததால் கிடங்குக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். இல்லாவிட்டால் நானே சீக்கிரம் முடித்திருப்பேன்.

அவர்கள் கூப்பிட்டு வந்த தீயணைப்புக்காரர்கள் எல்லாவற்றையும் தெருவில் வாரிப் போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. தங்கை இளைத்துப்போய் வெளியே வந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

குவியலுக்குப் பின்னால், கதவை ஒட்டி இரும்பு அலமாரி எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். அது சரிந்து விழுந்ததல்ல. சொல்லிவிடுகிறேன்.

முதல் நாளே, கதவு திறக்கவில்லை என்றதும், "சரி, நாளைக்குக் காலைல லாரி வரச் சொல்லியிருக்கேன், அவங்க வந்து எல்லாத்தையும் அள்ளிட்டு என்னையும் எடுத்துடுவாங்க" என்றாள். லாரி வந்தது. தவறான முகவரி என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். பிறகு குவியலை நகர்த்தினேன். கதவை அடைத்து அலமாரியை நிறுத்தினேன். அதன்மேல் தையல் மிஷின், முன்னால் புத்தகக் கட்டுகள், இடுக்குகளில் தலையணைகள்.

சத்தம் கேட்டு அவள் உள்ளிருந்து, "அண்ணா, எடுக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"ஆமாம்மா" என்றேன்.

தொடங்கி, வரிசையாக அடுக்கி, ஒரே மூச்சில் நான் முடித்த வேலை என் வாழ்நாளில் அது ஒன்றுதான், ஐயா.