அமுக்கிப் பார்த்த தக்காளி

காயா? எது காயி? டீச்சரம்மா, நீங்களும் ஆரம்பிச்சிட்டியளா! இருவது வருசமா ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டுல தக்காளி விக்கேன். கண்ணால பாத்து எவன் பழம் எடுப்பான்? அமுக்கிப் பாக்கணும். மெத்துனு இருந்தா பழம், கல்லுனு இருந்தா காயி. அம்புட்டுத்தான். செத்த இருங்க, ஒங்க முன்னாடியே வேற போடுதேன்.

இன்னைக்கு எம்மனசே சரியில்லம்மா. ராஜபாளையத்துல எங்கக்கா சீனியம்மா இருக்கால்லா... அவ மகன் கருத்தப்பாண்டி, எம்மகளுக்குப் பேசி வச்ச பய. பட்டாளத்துக்கு ஆளெடுக்காகன்னு போனான். ஓடுனான், தாண்டுனான், நெஞ்ச விரிச்சான், அம்புட்டும் பாஸு! கடசீல ஒரு புஸ்தகத்த நீட்டிருக்காக. பக்கம் பூரா புள்ளி. இதுல என்ன நம்பர்னு கேட்டாகளாம். நம்பரே இல்லன்னு பய நேர்மையாச் சொல்லியிருக்கான். செவப்பு பச்சை தெரியலன்னு வெரட்டிட்டாக!

எனக்கு வந்துச்சே கோவம்! கோளாறு உள்ள எடத்துல எம்மகளக் குடுக்க மாட்டேன்னுட்டேன். மச்சான் வம்சமே சோடாப்புட்டிக் கண்ணாடி வம்சம்னு, அவிய வாசல்லயே நின்னு கத்திட்டு வந்தேன். தாய்மாமன்லா... எனக்கு உரிமை இல்லையா?

மச்சான் ரோசக்காரரு. நேத்து என்னயும் சேத்து எல்லாரயும் கண்ணு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயிட்டாரு. டாக்டரு என்ன சொல்லுதாரு... இது அப்பன்ட்டயிருந்து மகனுக்கு வராதாம். ஆத்தா வழியாத்தான் வருமாம். ஆத்தா கண்ணு நல்லாத்தான் இருக்குமாம், பிள்ளைக்குக் கடத்தி மட்டும் விட்டுருவாளாம்! பொறவு, "தாய்மாமன் யாரு?"ன்னாரு. நாந்தான்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு எந்திரிச்சேன்.

அதே மாதிரி புஸ்தகம். பாத்தேன்... வெறும் புள்ளி! "அய்யா, அச்சடிச்சவன் நம்பர விட்டுட்டான்"னேன். மச்சான் நாப்பத்தஞ்சுங்காரு, அக்கா நாப்பத்தஞ்சுங்கா, கம்பவுண்டர் சிரிக்கான்!

வெளிய வந்ததும் எங்கக்கா, கூடப் பொறந்தவம்மா, சொல்லுதா: "ஏலே ஐயாதுரை, கோளாறு உள்ள எடத்துல நாங்களும் பொண்ணெடுக்க மாட்டோம்!" நான் சொன்னத எனக்கே திருப்பிட்டா. எம்மக சோறு தின்னாம அழுதுக்கிட்டுக் கெடக்கா. வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் பத்திரிகை அடிச்சிருக்கலாம்.

இந்தாங்க, ஒரு கிலோ. பூராப் பழம், ரத்தச் செவப்பு... ஏம்மா முழிக்கிய? ஐயய்யோ, கல்லுனுல்லா இருக்கு! பேச்சு வாக்குல அமுக்காமப் போட்டுட்டனே!

டீச்சரம்மா... எங்க போறிய? பைய விட்டுட்டுப் போறியளே! செத்த நில்லுங்கம்மா... இது என்ன நெறம்னாவது சொல்லிட்டுப் போங்க!