வடக்கு எந்தப் பக்கம்

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். ஊராட்சி அலுவலகத்திலிருந்து இவ்வளவு கனமான கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். பாதி கனம் என் வரைபடங்களாகத்தான் இருக்கும்.

அதே அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வரைவாளராக இருந்தேன். நான் வரைந்த காகிதங்களை ஒட்டினால் பூமிக்கு ஒரு சுற்று போர்த்திவிட்டு, மிச்சத்தில் நிலாவுக்கு ஒரு சட்டை தைக்கலாம். இருந்தும் ஓய்வு பெற்ற மறுநாளே மளிகைக்கடைக்காரன் என்னைப் "பெருசு" என்று கூப்பிட ஆரம்பித்தான். அது கிடக்கட்டும்.

பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். அவர் மனைவிக்குப் பக்கவாதம், இடது கால் சொன்னபடி கேட்பதில்லை. படுக்கை மாடியில், கழிப்பறை கீழே, நடுவில் பதினான்கு படி. கீழேயே பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை கட்ட வேண்டும், அனுமதிக்கு வரைபடம் போட்டுத் தர முடியுமா சார் என்று கேட்டார். சார் என்று.

அறை வர வேண்டிய இடம் என் வீட்டுச் சுவரை ஒட்டி. அளந்து பார்த்தேன். வாசலில் என் நாற்காலிக்கு விழுகிற காலை வெயிலில் ஒன்றேகால் மணி நேரம் போய்விடும். வயதானவனுக்கு வெயில் மருந்து மாதிரி. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், காரணம் இதுதான்.

அளவெல்லாம் சுத்தமாகப் போட்டேன். வடக்குக் குறியை மட்டும் தலைகீழாக வைத்தேன். வடக்கு திரும்பினால் வீடே திரும்பிவிடும். என் சுவரை ஒட்டி வர வேண்டிய அறை, காகிதத்தில் போய்ச் சாலைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஏழு வாரம் கழித்து, "இடத்துக்குப் பொருந்தவில்லை, திருத்தி அனுப்பவும்" என்று ஒரே வரியில் கடிதம் வந்தது. உங்களுக்கு முன் அந்த மேசையில் இருந்தவர் காகிதத்தைத்தான் பார்ப்பார், இடத்தைப் பார்க்க மாட்டார். அவரை வேலைக்குப் பழக்கியவன் நான்.

டிரைவர் கடிதத்தை என்னிடமே கொண்டுவந்தார். கோடு தடிமனாக இல்லையாம் என்று சொல்லி, தடிமனாக வரைந்து, குறியை அப்படியே வைத்துக் கொடுத்தேன். அடுத்த முறை ஓரம் போதவில்லையாம். அதற்கடுத்தது மை மங்கலாம். நான்கு முறை போய் நான்கு முறை திரும்பியது. நடுவில் வந்த வெள்ளிக்கிழமைகளிலும் ஏதாவது தகவல் உண்டா சார் என்று வருவார். டீ குடிப்போம். டெப்போ மேனேஜரை இருவரும் சேர்ந்து திட்டுவோம். வேறு வரைவாளரிடம் அவர் போயிருக்கலாம். என்னை நம்பினார், அதற்கு நான் என்ன செய்ய?

நான்காவது கடிதத்துக்கு, திசையில் ஏதோ சந்தேகமாம் என்று உண்மைக்குப் பக்கத்திலேயே ஒரு பொய் சொன்னேன். மறுநாள் டிரைவரின் மனைவி மாடி ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன அண்ணே, வடக்கு இன்னும் கிடைக்கலையா? உங்க கண்ணாடிய என்கிட்ட குடுங்க, நான் தேடித் தரேன்."

நல்ல பெண். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. டிரைவர் முதல் ட்ரிப் போயிருந்தார். அவள் எப்போதும் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்குவாள். நான் வாசலில் இருந்தேன். சத்தம் கேட்டது. பிறகு "அண்ணே" என்று ஒரு தடவை கேட்டது. வெயில் போக இன்னும் இருபது நிமிடம் இருந்தது. போனபின் எழுந்து போய்ப் பார்த்தேன்.

பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஏதோ ஆரம்பித்தார். டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களாவது பக்கத்தில் இருந்தீர்களே சார் என்று அழுதார்.

எழுதிக்கொள்ளுங்கள். நான்கு முறையும் வடக்கைத் தெற்காக்கியது நான்தான். கை தவறி அல்ல. அவள் கூப்பிட்டது காதில் விழுந்தும் எழுந்திருக்கவில்லை. எல்லாம் வெயிலுக்காக. அறை கட்டும் பேச்சே இனி இல்லை. வெயில் முழுசாக விழுகிறது, வாசலில் உட்காரத்தான் ஏனோ பிடிப்பதில்லை.

டிரைவர் அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை.

நீங்கள் கொண்டுவந்த கோப்பை மட்டும் அந்த நாற்காலியில் வைக்காதீர்கள். கால் ஆடும் என்று சும்மா சொன்னேன். அது டிரைவர் உட்காருகிற நாற்காலி. இன்று வெள்ளிக்கிழமை.