சூசையப்பர் திருடுபோன மத்தியானம்

மியூசியத்துக் கூரையில் அபாயச் சங்கு அலறத் தொடங்கியபோது நான் இரண்டாம் தடவையாக அவரைச் சாதம் வாங்கிக்கொண்டிருந்தேன். நாசிந்தாவின் கடையில் அவரையையும் அரிசியையும் ஒன்றாக வேகவைத்து, வெயிலில் காயவைத்த மாட்டிறைச்சியை வறுத்து மேலே போடுவார்கள். நீங்கள் இந்தப் பெத்ரா மான்சாவுக்கு மாற்றலாகி வந்து இன்னும் அங்கே சாப்பிடவில்லை என்றால் நஷ்டம் உங்களுக்குத்தான், இன்ஸ்பெக்டரம்மா.

சங்கு விடாமல் ஊதியது. கடையிலிருந்து பார்த்தால் எதிரே மியூசியம். நடுவில் சின்ன சதுக்கம், அவ்வளவுதான். ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மியூசியத்துக் காவலாளி கின்கோ எங்கள் மேஜையில்தான் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் தட்டைத் தூக்கினார், நாற்காலியைத் திருப்பிப் போட்டார், மியூசியத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"எல்லாரும் திரும்புங்கப்பா!" என்று நாசிந்தா கரண்டியை ஆட்டினாள். "எட்டிப் பாத்து மழையைக் கெடுத்துடாதீங்க."

"எனக்குக் கண்ணே தெரியாது, காதும் கேக்காது" என்றார் கின்கோ. "இன்னும் ரெண்டு துண்டு கறி போடு."

சிரித்துக்கொண்டே எல்லோரும் நாற்காலிகளைத் திருப்பினோம். நானும் திருப்பினேன். அந்த நேரத்தில் என் சிநேகிதி லிந்தால்வா மியூசியத்துக்குள் இருந்தாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் கடற்கரைப் பக்கத்துக்காரர். எங்கள் காரிரிச் சீமை வழக்கம் உங்களுக்குப் புதிதாக இருக்கும். மழை பொய்த்தால் நாங்கள் புனித சூசையப்பர் சிலையைத் திருடுவோம். யார் வீட்டு மாடத்தில் அவர் நின்றாலும் சரி, அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைக்க வேண்டும். வீட்டு ஏக்கத்தில் அவர் மழையைக் கொண்டுவருவார். முதல் மழை விழுந்ததும் குழல், மேளம், வெடியோடு ஊரே கூடி அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடும். வீட்டுக்காரர் காப்பியும் கேக்கும் கொடுக்க வேண்டும். திருட்டு நடக்கும்போது மட்டும் யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தாலும் பார்க்கவில்லை. எங்கள் ஊர் மரியாதை அது.

இந்த வருஷம் சொட்டு மழை இல்லை. மார்ச் மாதத்தில் வரும் அவர் திருநாளுக்குள் மழை இல்லாவிட்டால் அந்த வருஷத்துச் சோளத்தை மறந்துவிட வேண்டியதுதான். இந்த ஊரில் மிகப் பழைய சூசையப்பர் எந்த வீட்டிலும் இல்லை. பஞ்சுக் கிடங்காக இருந்த அந்த மியூசியத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறார். கண்ணாடியைத் தொட்டால் சங்கு ஊதும். சங்கு ஊதினால் சூசையப்பரை யாரோ தூக்குகிறார்கள் என்று ஊர் நினைத்ததில் தப்பே இல்லை.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜுவாசெய்ரோவில் ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை வேனில் கிளம்புவோம். காரிரியில் எந்தச் சந்தில் மியூசியம் இருந்தாலும் விட மாட்டோம். மரக்கட்டையில் செதுக்கிப் படம் அச்சிடும் பட்டறை, குழல் வாசிப்பவர்களின் கலை மையம், முன்னறையையே காட்சிக்கூடமாக்கி வைத்திருக்கும் தோல் கைவினைஞரின் வீடு, எல்லாம் பார்ப்போம். குழுவைத் தொடங்கியவள் இந்த எவானில்தேதான். எவானில்தே இல்லாவிட்டால் நாங்கள் வீட்டில் தொலைக்காட்சிதான் பார்த்துக்கொண்டிருப்போம் என்று எல்லோரும் சொல்வார்கள்.

லிந்தால்வா என்னுடைய நாற்பது வருஷத் தோழி. நல்லவள், சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். ஆனால் அவளோடு ஒரு படத்தை நிம்மதியாகப் பார்க்க முடியாது. நாம் பார்ப்பதற்கு முன்பே அவள் விளக்கம் சொல்லிவிடுவாள், அதுவும் தப்பாக. நேர்ச்சைக் கூடத்தில் நோய் தீர்ந்தவர்கள் காணிக்கை வைத்த மரக் கால்களையும் மரத் தலைகளையும் பார்த்து, "பொம்மைக் கடை மூடிட்டாங்க போல, மிச்சத்தை இங்க கொட்டியிருக்காங்க" என்றாள். கல்லில் பதிந்த ஆதி காலத்து மீனைக் காட்டினால், "இதை எத்தனை நாள் ஊற வெச்சா கொழம்பு வைக்கலாம்?" என்று கேட்டாள். கட்டை அச்சுப் படத்தில் காளை மேல் ஏறிவரும் பிசாசு தன் கொழுந்தன் சாயலில் இருப்பதாகச் சொன்னாள். வேனே குலுங்கியது. நான் ஒவ்வொன்றையும் திருத்துவேன். என் திருத்தத்துக்கு யாரும் சிரித்ததில்லை.

வேன் ஓட்டுபவர் அப்தோரால். மனைவியை இழந்தவர், இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான மனிதர். முன் சீட்டில் உட்காருபவருக்கென்று வறுத்த நிலக்கடலைப் பொட்டலம் வைத்திருப்பார். முன் சீட்டில் லிந்தால்வாதான் உட்காருவாள், பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வருமாம். எனக்கும் வரும், நான் சொன்னதில்லை. இதை நான் சும்மா விவரத்துக்காகச் சொல்கிறேன். அப்தோராலுக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

விஷயம் கலை. போன மாதம் வேனில் திரும்பும்போது லிந்தால்வா எழுந்து நின்று கைதட்டினாள். "அடுத்த தடவை மியூசியம் வேணாம்டி. எலும்பு, மரம், மண்ணு, எல்லாம் பாத்தாச்சு. வெந்நீர் ஊத்துப் பூங்கா போலாம். தண்ணியில சறுக்கலாம். யார் யாரு வர்றீங்க?"

எல்லோரும் கை தூக்கினார்கள். அப்தோராலும் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தூக்கினார். மறுவாரமே அவர் நீச்சல் கால்சட்டை வாங்கிவிட்டார். நீல நிறம். லிந்தால்வா பொறுக்கியது. ஒரு கலைக் குழு எப்படிக் கெட்டுப்போகிறது என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? ஒருவர் பொறுப்பெடுத்து அதைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இந்த ஊர் மியூசியத்தை ஒருமுறை பார்க்க முன்னாலேயே தனியாக வந்தேன். பின்பக்கம் ஒரு சேமிப்பு அறை இருக்கிறது. காட்சிக்கு வைக்காத சாமான்களைப் போட்டு வைக்கும் இடம். தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. வெளியே தாழ்ப்பாள். உள்ளே சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான். அபாயத்தில் அழுத்தினால் கூரையில் இருக்கும் அதே சங்குதான் ஊதும். அழுத்திப் பிடித்திருக்கும் வரைக்கும் ஊதும். இதையெல்லாம் கின்கோதான் பெருமையாகச் சுற்றிக்காட்டினார்.

அன்று சந்தையில் கொஞ்சம் காய் வாங்கினேன். வாங்கும்போது, இந்த வருஷம் மியூசியத்துச் சூசையப்பரைத்தான் தூக்கப் போகிறார்களாம் என்று ஒருத்தியிடம் சொன்னேன். நாசிந்தாவிடமும் சொன்னேன். "அவரை எவன்டி தூக்குவான், சங்கு ஊதுமே" என்றாள். "ஊதினா திரும்பி உக்காந்துக்குங்க" என்றேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. நல்ல வேடிக்கையை இந்த ஊர் விடாது.

சனிக்கிழமை குழுவோடு வந்தோம். சாப்பாட்டு வேளைக்கு மியூசியத்தைச் சாத்துவது இங்கே வழக்கம். சனிக்கிழமை சாத்தினால் செவ்வாய்தான் திறப்பார்கள். கின்கோ வாசலில் நின்று, "பசிக்குது, எல்லாரும் வெளிய வாங்க" என்று குரல் கொடுத்தபோது, நான் லிந்தால்வாவிடம், யாருக்கும் காட்டாத பழைய மரத் தொட்டில் ஒன்று பின்னறையில் இருக்கிறது என்றேன்.

"யாருக்கும் காட்டலையா? அப்போ நான் பாத்தே ஆகணும்" என்றாள். கைப்பையை என்னிடம் கொடுத்தாள். அவள் கைப்பையை எப்போதும் நான்தான் தூக்குவேன். அவள் இதய மாத்திரை அதில்தான் இருக்கும். பின்னறைக்குள் நுழைந்து தொட்டிலை முழுசாகப் பார்ப்பதற்கு முன்பே விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டாள், இது பன்றிக்குத் தீவனம் வைப்பது என்று. நான் திருத்தவில்லை. தாழ்ப்பாளைப் போட்டேன். சத்தமே வரவில்லை, நன்றாக எண்ணெய் போட்டிருந்தார்கள்.

வெளியே வந்து, லிந்தால்வா உறவுக்காரப் பெண்ணோடு கிராத்தோவுக்குக் காரில் போய்விட்டாள் என்றேன். அப்தோராலின் முகம் லேசாக வாடியது. நான் அதைக் கவனிக்கவில்லை.

முதல் சங்கு நின்றபோது கடையில் கைதட்டினார்கள். காப்பி வந்தபோது மறுபடி ஊதியது.

"சூசையப்பர் அடம் புடிக்கறாரு, வரமாட்டேங்கறாரு" என்றார் கின்கோ.

"தூக்கறவன் சோணகிரியா இருப்பான்" என்றாள் நாசிந்தா. "கனம் தாங்கல போல."

மூன்றாவது தடவை ஊதியது ரொம்பச் சின்னதாக இருந்தது. அப்புறம் ஊதவில்லை. அப்தோரால் ஒருமுறை திரும்பிப் பார்க்கப் போனார். நான் அவர் தோளில் கை வைத்துத் தடுத்தேன். "மழை வேணாமா உங்களுக்கு?" என்றேன். அவர் தோளில் நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு ஒன்று நடந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. மழை பெய்தது.

வாசனைதான் முதலில் வந்தது, காய்ந்த மண் வாசனை. அப்புறம் நாசிந்தாவின் தகரக் கூரையில் படபடவென்று விழுந்தது. எல்லோரும் சதுக்கத்துக்கு ஓடினார்கள். கிழவர்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். எங்கிருந்தோ மேளம் வந்தது, குழல் வந்தது. கின்கோ ஆனந்தத்தில் நாசிந்தாவைக் கட்டிப்பிடித்து ஓர் அடியும் வாங்கினார். பாதை வழுக்கும், உடனே கிளம்பலாம் என்று நான் அப்தோராலிடம் சொன்னேன். "இருங்க எவானில்தே, சாமியைத் திருப்பி விடறதைப் பாத்துட்டுப் போலாம்" என்றார்.

ஊரே மியூசியம் வாசலில் கூடியது. திருடியவன் சூசையப்பரோடு வர வேண்டும். யாரும் வரவில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்து, "டேய், வாடா, காப்பி ஆறிப்போவுது!" என்று கூப்பிட்டார்கள். வெடி வெடித்தார்கள். கடைசியில் கின்கோ கதவைத் திறந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் சூசையப்பர் இடத்தை விட்டு அசையாமல் நின்றிருந்தார். தூசுகூடக் கலையவில்லை.

மேளம் தானாக நின்றது. அப்போதுதான் பின்னறைக் கதவை உள்ளேயிருந்து யாரோ சுரண்டுவது கேட்டது. ஓடியவர் அப்தோரால். லிந்தால்வாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மழைக்குள் வந்தார். வியர்வையில் அவள் சட்டை தண்ணீரில் முக்கிய துணிபோல இருந்தது. கூரையில் மழை விழுந்து அறை குளிர்ந்ததால்தான் உயிர் இருந்தது என்று டாக்டர் சொன்னாராம். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கேட்டதும் கொடுத்தேன்.

உங்களிடம் நான் எதையும் சொல்லியிருக்க மாட்டேன். பழக்கதோஷத்தில் தானே தாழ்ப்பாளைப் போட்டிருக்கலாம் என்று கின்கோ அழுகிறார். நீங்களும் அதோடு விட்டிருப்பீர்கள். ஆனால் லிந்தால்வா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னதை இப்போது வாசித்துக் காட்டினீர்களே: 'கதவு மரம் ஊறி உப்பி இறுகிக்கொண்டது, யாரையும் குறை சொல்ல வேண்டாம், எவானில்தேவுக்குத் தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பாள்.' இதை எப்படிச் சும்மா விடுவது? அவள் உள்ளே போனபோது மழையே இல்லை. வறட்சியில் மரம் உப்பாது, சுருங்கும். அந்தக் கதவு இறுகாது. அவள் சாகட்டும் என்று நான்தான் பூட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள். அவள் விளக்கம் எப்போதும் தப்பு.

எனக்கு வருத்தமில்லை. மழை வந்தது, சோளம் விளையும். வெந்நீர்ப் பூங்காப் பயணமும் ரத்தாகிவிட்டதாம். கலை பிழைத்தது. அதற்காகத்தான் செய்தேன் என்று கையெழுத்துப் போடத் தயார், பேனாவைக் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சந்தேகம்.

"அவளை ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்போ, அப்தோரால் அவளை முன் சீட்டுலதான் உக்கார வெப்பாராம்மா?"