பதினான்காம் கட்டிலுக்கு ஒரு துணை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரிய டாக்டர் ஐயா அவர்களே! அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தலைமை நர்ஸ் அம்மா அவர்களே! நிற்கிறேன் என்று சொல்லிக் கதவோரம் நிற்கும் லிப்ட்கார அண்ணா! நோயாளிகளுக்குத் துணை உட்காரும் எங்கள் குழுச் சகோதரிகள் பதினோரு பேர், மேல்தள வார்டில் படுத்து எழுந்து இன்று நடந்தே வந்திருக்கும் ஆறு பேர், என் கணவர், கொழுந்தனார்கள் இருவர், நாத்தனார், பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர். என்னையும் சேர்த்து முப்பத்து நான்கு பேர். அனைவருக்கும் என் வணக்கம்.

என் மாமியாரை நீங்கள் எல்லாரும் நாற்காலிப் பாட்டி என்பீர்கள். எனக்கு அவர் அத்தை. தொண்ணூற்றொரு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். தையற்கடையில் முப்பது வருடம் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தவர். நிறைவாழ்வு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னீர்கள். ஆமாம், நிறைவாழ்வுதான். ஆனால் அந்தச் சொல்லால் எனக்கு ஆறுதல் வரவில்லையே, நான் என்ன செய்வேன்?

நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் என் மாமனார் இதே மருத்துவமனையில் கிடந்தபோது, அடுத்த கட்டில்காரர் தண்ணீர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாராம். அவருக்கு ஆள் இல்லை. மாமனாரை அடக்கம் செய்த பதினேழாம் நாள், அத்தை ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபடி இங்கே வந்துவிட்டார். எதற்கு? யாருமில்லாதவர் பக்கத்தில் உட்காருவதற்கு. அவ்வளவுதான் அவருடைய தொண்டு!

அப்போது சின்ன டாக்டராக இருந்த நம் தலைவர் அவரை விரட்டியிருக்கிறார்.

"அம்மா, பார்வையாளர் நேரம் முடிஞ்சாச்சு. கிளம்புங்க."

"நான் யாரையும் பாக்க வரலையே தம்பி. சும்மா உக்காந்திருக்கேன். உங்க வேலைய நீங்க பாருங்க."

தலைவர் சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

உட்காரும் முன் அத்தை கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். படுத்திருப்பவர் முன்னால் மணி பார்க்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். பதினான்காம் கட்டிலில் இருக்கும் கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கு இதில்தான் சண்டை.

"எல்லாரும் உங்கள மாதிரி கழட்டி வச்சா என் பொழப்பு என்னம்மா ஆகுறது?"

"இப்ப ரிப்பேருக்கு வந்திருக்கிறது நீங்க. மொதல்ல நீங்க ஓடுங்க. வாட்ச் அப்புறம் ஓடட்டும்."

இன்னொரு சட்டமும் உண்டு. வருகிறேன் என்றால் வர வேண்டும். முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "காக்க வச்சிட்டு வராம இருக்காதேடி. அதவிடப் பாவம் இல்ல" என்பார்.

யார் எந்தக் கட்டிலுக்கு, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று எழுதி வைப்பது என் வேலை. பத்தொன்பது வருடம் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் விட்டதில்லை, ஒரு பெயர் தவறியதில்லை. சென்ற மாதம் அத்தையே கீழ்த்தளத்தில் நோயாளியாகப் படுத்தார். துணையில்லாதவர்கள் பட்டியலில் அவர் பெயரை நான் எழுதவில்லை. எழுதுவேனா? நான்கு பிள்ளைகளும் ஒன்பது பேரப்பிள்ளைகளும் உள்ளவருக்கா துணை எழுதுவார்கள்?

மேல்தளத்தில் பதினான்காம் கட்டிலுக்கு அத்தை உட்காரும் முறை நாட்களையும் நான்தான் பார்த்தேன். போன வியாழக்கிழமை மதியம் அங்கே கிளம்பத் தயங்கினேன். "நீ மேல போம்மா. எனக்கு ஊர்ப்பட்ட ஆளு. அவருக்கு யாரு இருக்கா?" என்றார். போனேன். தங்கை இருக்கிறாள் என்று என் கணவர் மருந்து வாங்கப் போனார். அண்ணன் இருக்கிறார் என்று நாத்தனார் டீ குடிக்கப் போனார். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எழுதி வைத்திருந்தால் ஒருவர் இருந்திருப்பார். எழுதாமல் விட்டது நான்!

கடைசியாக அத்தையுடன் பேசியது நர்ஸ் பெண். அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"மருமக மேலயா இருக்கா?"

"ஆமா பாட்டி. கூப்பிடட்டுமா?"

"வேணாம். பாதியில எழுந்து போனா அவருக்குப் பிடிக்காது."

அந்தப் பெண் அடுத்த கட்டிலுக்குப் போய்த் திரும்ப ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வருடம் ஊராருக்குத் துணை உட்கார்ந்தவர், தனியாகப் போனார். இறைவா, உன் கணக்கு எனக்குப் புரியவில்லை. தினமும் கேட்கிறேன்.

அந்த நேரத்தில் நான் மேலே என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? "அம்மா எப்ப வருவாங்க?" என்று கடிகாரக்காரர் கேட்டார். "காய்ச்சல்தான் அண்ணா. செவ்வாக்கிழமை வந்துடுவாங்க" என்றேன். அவருக்கு இன்னும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. நேற்று படி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

அத்தையின் பணியை என்றென்றும் தொடர்வோம் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தேன். இங்கே வந்து உட்கார்ந்ததும் அதை அடித்துவிட்டேன். என்றென்றும் என்பதற்கு நான் எப்படி வாக்குக் கொடுப்பது? வியாழக்கிழமைக்கு என் பெயரை எழுதியிருக்கிறேன். எப்படியாவது வந்துவிடுவேன். அதற்கு மேல் என்னிடம் தெம்பில்லை.

வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, பதினான்காம் கட்டில், காலியாக இருக்கிறது. போகிறவர்தான் அவரிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நாற்காலி அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நோட்டு என் மடியில் இருக்கிறது. யார் போகிறீர்கள்? முடியாது என்றாலும் பரவாயில்லை, அதையும் சொல்லிவிடுங்கள். நாளை சாயங்காலத்துக்குள் எனக்குத் தெரிய வேண்டும்.