போர்வையைச் சுற்றியது நான்தான்

எனக்கு அறுபத்தெட்டு வயது முடிந்து அறுபத்தொன்பது நடக்கிறது. என் பெயர் இந்த வழக்குக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, வார்டக்கா என்றால்தான் தெரியும். கணவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம் உள்ள கட்டடத்தில், மூன்றாவது மாடி, இடது பக்க வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். என் மகன் தன் வீட்டு முகவரியை என் முகவரியாக எழுதச் சொன்னதாக அறிகிறேன். அதை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். நோயாளிகளைத் தூக்குவது, புரட்டுவது, உட்கார வைப்பது, நடக்க வைப்பது என் வேலை. என் கையிலிருந்து ஒருவரும் கீழே விழுந்ததில்லை. ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில் நானே குளியலறையில் வழுக்கி விழுந்தேன். பெரிய அடி இல்லை, ஆனால் எழுந்திருக்க முடியாமல் இரண்டு மணி நேரம் ஈரத்தில் கிடந்தேன். ஊரையெல்லாம் தூக்கி நிறுத்தியவளுக்குத் தன்னைத் தூக்க முடியவில்லையே என்று அழுதேன். அதன் பிறகு, மறுநாளே, தரையில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கப் பழக ஆரம்பித்தேன். முதல் மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு முறை, இப்போது தினமும் காலையில் இருபது முறை. அது தவிர மணல் நிரப்பிய இரண்டு பெயின்ட் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடப்பேன். மகன் அதைப் பார்த்து, "இந்த வயசுல பயில்வான் ஆகப் போறியாம்மா?" என்று கேலி செய்வான். "நீ முதல்ல மூணு மாடி ஏறிட்டு மூச்சு வாங்காம பேசு" என்று நானும் விடமாட்டேன்.

சம்பவ நாளன்று பிற்பகல் மூன்று மணிக்கு மொட்டைமாடியில் காய்ந்த போர்வைகளை எடுத்துவந்து கட்டிலில் போட்டேன். அதன் பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள். குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வந்ததாக ஒரு நபர் சொன்னார். முப்பது வயது மதிக்கத்தக்கவர். எடை எழுபத்தைந்து கிலோ, ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம், இந்தக் கணக்கில் நான் தவறமாட்டேன். யார் என்று உறுதி செய்யாமல் கதவைத் திறந்தது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். உள்ளே வந்த அந்த நபர் கதவைத் தாழிட்டு, என் இடது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, "சத்தம் போட்டே, கொன்னுடுவேன் கிழவி. பீரோ சாவி எங்க?" என்றார். வலித்தது. பயமாகவும் இருந்தது.

ஆனாலும் நான் கையை இழுக்கவில்லை. வலி தாங்காமல் நம் கையை முறுக்கும் நோயாளிகளை நாள்தோறும் பார்த்தவள் நான். இழுத்தால் பிடி இறுகும், நெருங்கினால் தளரும். ஆகவே பக்கவாட்டில் அவரை ஒட்டி நின்று, வலது கையால் அவருடைய இடுப்பு வாரைப் பிடித்து, என் முழங்காலால் அவர் முழங்காலைப் பின்புறமிருந்து மடக்கினேன். நடக்கும்போது மயங்கும் நோயாளியை எங்கள் தொடைமேல் சறுக்கவிட்டுத் தரையில் இறக்குவோம். அவரும் அப்படியே இறங்கினார். பிடி விட்டுப்போன என் இடது கை, தலை தரையில் மோதாதபடி தானாக அவர் பின்னந்தலைக்குப் போய்விட்டது. கொன்றுவிடுவேன் என்றவனுக்கு இந்த உபசாரம் தேவையில்லைதான், பழகிய கை கேட்கவில்லை.

அதன் பிறகு வாய் தவறி, வார்டில் பேசும் அதே குரலில், "கையை நெஞ்சு மேல கட்டிக்கோப்பா. ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிவிட்டேன். அந்த நபரும் சொன்னபடி கட்டிக்கொண்டார். ஏன் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அதன் பிறகு கட்டிலில் கிடந்த போர்வையை இழுத்துப் பக்கத்தில் விரித்து, தோளிலும் இடுப்பிலும் கைவைத்து அவரை அதன்மேல் புரட்டி, இருபுறமும் இறுக்கிச் சுற்றி, நுனியை முதுகுக்கடியில் செருகினேன். மாவுக்கட்டைப் பிய்த்தெறியும் நோயாளிகளுக்கு இப்படித்தான் சுற்றுவோம். அவருக்கு விஷயம் புரிந்து திமிற ஆரம்பித்தபோது கழுத்துக்குக் கீழே அசைக்க எதுவும் மிச்சமில்லை. நான் அவருடைய தொடைப்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

என் கைபேசி சமையலறையில் இருந்தது. அவருடைய கைபேசி சட்டைப்பையிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. அதிலிருந்து காவல்துறையை அழைத்தேன். அழைப்பு பிடிபட்ட நபரின் எண்ணிலிருந்து ஏன் வந்தது என்று கேட்கப்பட்டதற்கு இதுவே என் பதில். காவலர்கள் வரப் பதினாறு நிமிடங்கள் ஆயின. இடையில், "மூச்சு முட்டுது, விட்டுடுங்க பாட்டி" என்று அழுதார். கழுத்தருகே இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன், இடம் இருந்தது. "முட்டாது. அக்கான்னு சொல்லு" என்றேன். தலைக்கு ஒரு தலையணையும் வைத்தேன்.

அதன் பிறகு கட்டடக் காவலாளி மேலே வந்து கதவைத் தட்டினார், நான் எழுந்து தாழ் திறந்துவிட்டேன். சற்று நேரத்தில் காவலர்களும் வந்தார்கள். காவலாளி தானே திருடனைப் பிடித்து மடக்கியதாகச் சொல்லி, அது முதல் அறிக்கையிலும் ஏறிவிட்டது. உண்மையில் அப்போது அவர் தேநீர்க் கடையில் இருந்தார். வேலை போய்விடும் என்று பயந்து சொன்ன பொய், அதற்காக அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. ஆனால் நான் செய்ததை அவர் பெயரில் எழுதச் சம்மதிக்கமாட்டேன். ஏனென்றால் அதைக் கேட்டுவிட்டு என் மகன், "காவலாளி இல்லேன்னா உன் கதி என்னம்மா? ஞாயித்துக்கிழமை வண்டி வருது, சாமானைக் கட்டு. இனிமே எங்க வீட்டுலதான்" என்றான். நான்தான் பிடித்தேன் என்றதற்கு, "ஏதோ காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்துச்சு. அடுத்த தடவையும் விழுமா?" என்றான். மகன் நல்லவன், பாசத்தில்தான் சொல்கிறான். ஆனால் எட்டு வருடக் காலைகளைக் காக்காய்க்கு எழுதிவைக்க எனக்கு மனமில்லை.

ஆகவே இன்று நானாக நிலையத்துக்கு வந்து, கைப்பற்றிய போர்வையைக் காவலாளி எப்படிச் சுற்றினார் என்று செய்து காட்டச் சொல்லும்படி கேட்டேன். ஆய்வாளர் அனுமதித்து, காவலாளியை வரவழைத்து, ஒரு காவலரைத் தரையில் படுக்கச் சொன்னார். காவலாளி சுற்றினார். காவலர் ஒரே உதறலில் வெளியே வந்தார். அதன் பிறகு நான் சுற்றினேன். காவலர் இப்படியும் அப்படியும் நெளிந்து பார்த்துவிட்டு, "ஐயா, மூக்கு அரிக்குது, அவுத்துவிடச் சொல்லுங்க" என்றார். காவலாளி தலை குனிந்து, "அக்காதான் பிடிச்சாங்க" என்று ஒப்புக்கொண்டார். நான் தரையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தேன். எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

இவை அனைத்தையும் என் மகன் வாசலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நீதிமன்ற அழைப்பாணையை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று ஆய்வாளர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மகன், "பணிமனைக்குப் பின்னாடி, மூணாவது மாடி, இடது பக்கம்" என்றான். சற்றுப் பொறுத்து, "லிஃப்ட் கிடையாது சார். கொண்டு வர்றவரை மெதுவா ஏறி வரச் சொல்லுங்க" என்றான்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள், கேட்டேன், சரியாக இருக்கிறது. இதில் உள்ளவை நான் கண்டவை, நானே செய்தவை, வேறு யாருடைய கையும் இதில் இல்லை. உட்காருவதற்கு நாற்காலி தந்தார்கள். வேண்டாம் என்று நின்றபடியே ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
வார்டக்கா