தம்பியின் திரை

மலையில் மழை பிடித்துக்கொண்டால் துணி காயாது. அதனால் தம்பியின் காலுறைகளைக் கணினிப் பெட்டிக்குப் பின்னால், சூடான காற்று வரும் இடத்தில் தொங்கவிடுவேன். மிஸ் சாரதா, பினாங்கிலிருந்து நீங்கள் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்த அன்று அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். எதிரில் உட்கார்ந்திருந்த தம்பி ஜெகதீஸ்வரன், நீங்கள் எதற்குச் சிரித்தீர்கள் என்று பிறகு என்னிடம் கேட்டான். காலுறைகள் அவன் கண்ணுக்கு நேராகத்தான் தொங்கின. ஆனாலும் கேட்டான். இப்போதெல்லாம் அவன் எதையும் என்னிடம் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்கிறான்.

போகும்போது வாசலில் என்னைத் தனியாக நிறுத்தி ஒன்று கேட்டீர்கள். தம்பி எழுதிய திரை இயக்கி நிரலில் என் பெயரில் சில வரிகள் சேர்ந்து, பிறகு என் பெயரிலேயே நீங்கியிருக்கின்றன, ஏன் என்று. எனக்கு ஆட்களிடம் பேச வராது. எழுதினால் வரும்.

படிவம் மூன்றில், பதினைந்து வயதில், பள்ளியை விட்டேன். அம்மா இறந்த வருடம் அது. வகுப்பில் வாயே திறக்காதவள் என்பதால் நான் வராததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறக்கும்போது அம்மா, தம்பியைப் பார்த்துக்கொள் என்று சொன்னதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நினைவில்லாமல் கிடந்தார். நினைவு இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

ஜெகா போலிடெக்னிக்கில் படித்ததை வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லுவான். நான் சமைத்துக்கொண்டே கேட்பேன். அப்படித்தான் எனக்கும் நிரல் எழுதும் இந்த வேலை வந்தது. பிறகு கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தவுக்கே, சீன முதலாளி, மலிவாகத் திரைகளை வாங்கிவிட்டு, எந்தக் கணினியிலும் அவை எரியவில்லை என்று அவனிடம் கொண்டுவந்தார். அவற்றுக்கு டிரைவர் என்கிற இயக்கி நிரல் இல்லை. ஜெகா எழுதித் தருவதாகச் சொன்னான்.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு பெரியம்மா கேள்விப்பட்டு வந்தார்.

"ஒந்தம்பி டிரைவர் வேலை எடுத்திருக்கானாமே. லைசன் இருக்கா அவனுக்கு?"

"லோரி இல்ல பெரியம்மா. இது ஸ்கிரீன ஓட்டுறது," என்றான் ஜெகா.

"ஸ்கிரீன் எங்கடா ஓடுது? அது பாட்டுக்கு மேசையிலதான நிக்குது."

அன்று மூவரும் சிரித்தோம். நான் சத்தமாகச் சிரித்தது இந்த வீட்டில்தான், அவனுக்கு முன்னால்தான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். கணினியின் நடுவில் இருக்கும் கெர்னலுக்குத் திரை என்றால் என்னவென்று தெரியாது. இந்த வரியை இங்கே தொடங்கு, முடிந்ததும் இவ்வளவு பொறு, அடுத்ததைத் தொடங்கு என்று இயக்கிதான் நடத்திக்கொண்டு போக வேண்டும். அந்தப் பொறுத்திருக்கும் கணக்கு ஜெகாவுக்கு அலுப்பு. அதை என்னிடம் விட்டான். அந்தத் திரைகளில் ஒன்றை வைத்துத்தான் அவன் எல்லா வேலையும் செய்தான்.

அவன் அந்த இயக்கியை, யாரும் வரிவரியாகப் பார்க்கும்படி, இணையத்தில் போட்டான். நீங்கள் பார்த்தீர்கள். பினாங்குக்கு வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டீர்கள்.

அவன் சாப்பிட மறப்பவன். ஈரத் தலையோடு படுப்பவன். பினாங்கில் அவனை யார் பார்ப்பார்கள் என்று யோசித்தேன். இங்கே நான் யாரோடு பேசுவேன் என்று யோசித்ததாக நினைவில்லை.

எங்கள் அப்பாவுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. கண் போய்விட்டது. கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். வெளியே போனால் சின்னப் பையனாக இருந்த ஜெகாதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போவான். அவன் பயப்படுவது உலகத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான். அது எனக்குத் தெரியும்.

நான் சேர்த்த வரிகள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. எப்போதாவது ஒரு முறை, படம் தொடங்கும் இடத்தை மயிரிழை தள்ளிவைத்து, உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவந்தன. அவ்வளவுதான்.

"அக்கா, இங்க வாயேன். ஸ்கிரீன் ஆடுதா பாரு."

கையைத் துடைத்துக்கொண்டு போய் அவன் பின்னால் நின்றேன். திரை ஆடியது.

"இல்லையேப்பா."

"நல்லா பாருலா."

"பாத்துட்டுதானடா சொல்றேன். அப்படியே நிக்குது."

திரையில் இருப்பதை அப்படியே படமாகச் சேமித்து, கைப்பேசியில் திறந்து பார்த்தான். ஆட்டம் நினைவகத்தில் இல்லை, திரையின் கண்ணாடிக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. படம் சுத்தமாக வந்தது. பிறகு பிழை தேடினான். அவன் எழுதிய பகுதி முழுவதையும் ஒவ்வொரு வரியாகத் தேடினான். என் பகுதியை அவன் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பான்.

"அக்கா எழுதுனது சரியாத்தான் இருக்கும்," என்றான்.

ஈப்போவில் கண் மருத்துவரிடம் போனோம். திரும்பி வரும் பேருந்தில், "ஒன்னுமில்லங்கிறாருக்கா," என்றான். குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

"அப்பாவுக்கும் மொதல்ல அப்படித்தான் சொன்னாங்க," என்றேன்.

அப்பாவுக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சில வாரங்கள் கழித்து, சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக்கோடு ஆடுகிறது என்றான். மோட்டார் சைக்கிளை விற்றான். பிறகு எதிர்ச் சரிவில் தேயிலை வரிசைகள் ஆடுகின்றன என்றான். அவற்றை நான் ஆட்டவில்லை.

உங்களோடு அவன் தொலைபேசியில் பேசியபோது நான் பக்கத்தில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "மிஸ் சாரதா, நான் வரல. வேற ஆளப் பாத்துக்குங்க," என்றான். நீங்கள் என்ன கேட்டீர்களோ, "இல்ல மிஸ், சம்பளம்லாம் இல்ல. எங்க குடும்பத்துல கண்ணு தங்காது," என்றான். வைத்துவிட்டு முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். நானும் அழுதேன். அது பொய்யழுகை இல்லை.

அன்று மாலையே அந்த வரிகளை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் திரை ஆடியதே இல்லை. ஆனால் அவன் ஆடுகிறது என்றுதான் சொல்கிறான். எடுத்த பிறகும் ஆடுகிறது என்றால், அது என் வரிகளால் வந்த குறையாக இருக்க முடியாது. இதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது அவன் விசைப்பலகையைத் தொடுவதில்லை. படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்கிறான். மீனுக்கு முள் எடுத்துப் போடுகிறேன். "ஒன்ன மாதிரி அக்கா யாருக்குடி கெடைக்கும்?" என்கிறார் அம்மாக்கண்ணு பெரியம்மா. புகழ்ச்சி எனக்குக் கூச்சம்.

நான் சொல்லாவிட்டால் நீங்களே அவனிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னீர்கள். சொல்லுங்கள். நீங்கள் சொல்வது எல்லாம் உண்மைதான்; நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். அந்த வரிகளையும் அனுப்பிப் பாருங்கள். அவன் பொறுமையாகக் கேட்பான். திரையில் தெரிவதை என்னையே வாசித்துச் சொல்லச் சொல்வான். பிறகு என் முகம் இருக்கும் பக்கம் திரும்பி, "அப்படியாக்கா?" என்று கேட்பான்.

நான் இல்லை என்பேன். போய்க் கொஞ்சம் படுப்பா, கண்ணுக்கு நல்லது என்பேன். அவன் படுத்துக்கொள்வான்.